பூஜ்யம் வந்தவர்களின் பட்டியல்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார். எங்கள் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் ஊழியர்களின் படத்தைப் போட்டபோது, தன் படத்தையும் பெயரையும் அன்றைக்கே எடுக்க வைத்தவர். பெயரைப் போட்டால் எவனாவது தேடுவானாம், கிடைத்துவிடுமாம். மாவட்டத்தில் உள்ள மருந்து பாட்டில் ஒவ்வொன்றும் தேடினால் கிடைக்க வேண்டும், தான் மட்டும் கிடைக்கக் கூடாது. அப்படி ஓர் ஆள்.

புதுக்கோட்டையில் ஒரு மொத்த மருந்து வியாபாரியின் கிடங்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் மூன்று மேசை, நான்கு கணினி, கரண்ட் போனால் ஊளையிடும் ஒரு பேட்டரிப் பெட்டி, அவ்வளவுதான். நான் சென்னையில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவன். அந்த வியாபாரிக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தேன். மருந்தின் பெயரைப் போனில் போட்டால், மாவட்டத்தில் எந்த மெடிக்கலில் அது இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

உள்ளே தேடித் தருவது நாங்கள் எழுதியது அல்ல. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டிருக்கும் ஒரு தேடல் சர்வர். கடைகளின் இருப்புப் பட்டியலைக் கொடுத்தால் வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளும். கேள்வி அனுப்பினால் பொருந்துகிற கடைகளுக்கு மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கியதை மேலே வைத்துத் திருப்பித் தரும். கேள்வியை அதற்குப் புரிகிற மாதிரி கட்டி அனுப்புவதுதான் நம் வேலை. ஒழுங்காகக் கேட்டால் ஒழுங்காகச் சொல்லும், கோணலாகக் கேட்டால் வாயைத் திறக்காது.

அவர் முதலில் வந்தது தட்டச்சு வேலைக்கு. கடைக்காரர்கள் அனுப்பும் பட்டியலைக் கணினியில் ஏற்ற வேண்டும். திருவரங்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வேதியியல் படித்தவர். கைக்கடிகாரத்தை முகப்பு உள்பக்கம் வருமாறு கட்டியிருப்பார். டீ குடிக்க மாட்டார், பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவருவார். வந்த ஆறாவது மாதம் சர்வரிடம் கேள்வி கேட்கிற வேலை முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. நான் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார்.

எப்படி என்றால், "இல்லை" என்று யார் சொன்னாலும் அவருக்குப் பொறுக்காது. வருமானச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். உங்கள் மனுவே இங்கே இல்லையே என்று தாலுகா அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருக்கிறார். "இல்லையா சார், தேடலையா?" என்று இவர் கேட்டிருக்கிறார். சண்டை போடுகிற குரலில் இல்லை. மணி என்ன என்று கேட்கிற குரலில். அந்த மனுஷர் எழுந்து போய்த் தேடி எடுத்துவந்துவிட்டாராம். இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு ஏன் தாமதம் என்று நான் முறைத்தபோது காரணமாகச் சொன்னார்.

அதே கேள்வியை என்னிடமும் கேட்பார், கணினியிடமும் கேட்பார். அந்தத் தேடல் சர்வரைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு மன்றம் இணையத்தில் இருக்கிறது. இவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அங்கே ஒரு சந்தேகத்தை எழுதினார். அப்படிச் செய்ய வழியில்லை என்று எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவர் பதில் போட்டார். இவர் விடவில்லை, வேறு விதமாகத் திருப்பிக் கேட்டார். மறுபடியும் இல்லை. மூன்றாவது முறை கேட்டதும் அதே ஆள் வந்து, மன்னிக்கவும், வழி இருக்கிறது என்று பத்து வரியில் எழுதிக் கொடுத்திருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. வெந்நீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் கேள்வி கட்டுகிற விதம் தனி. நான் நேராகத் திரையில் எழுதி, தப்பு வந்தால் திட்டி, திருத்தி எழுதுகிறவன். அவரிடம் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு உண்டு. பக்கத்தை மூன்றாகப் பிரித்திருப்பார். "கட்டாயம் இருக்கணும்", "இருந்தா நல்லது", "இருக்கவே கூடாது." தேடுகிற ஆள் நேரில் வந்து நின்றால் என்ன சொல்வாரோ அதைத் தமிழில் இந்த மூன்று கட்டங்களில் பிரித்து எழுதுவார். மருந்து பெயர் கட்டாயம். கடை கிட்டே இருந்தால் நல்லது. காலாவதியான சரக்கு கூடவே கூடாது. அதற்குப் பிறகுதான் விசைப்பலகையைத் தொடுவார். சர்வரும் உள்ளே அப்படித்தான் பிரித்துக் கேட்கிறது என்பதால் அவர் எழுதியது பெரும்பாலும் முதல் தடவையிலேயே ஓடிவிடும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ஆனால் அவரால் எனக்குத் தலைவலியும் உண்டு. தேடியவர்களில் யாருக்கெல்லாம் ஒன்றுமே கிடைக்கவில்லையோ அவர்கள் போட்ட கேள்வியும், அவர்களுடைய போன் நம்பரும், ஊரும் தனியாக ஒரு பட்டியலில் விழுகிற மாதிரி செய்துவைத்திருந்தார். பூஜ்யம் வந்தவர்கள். காலையில் வந்ததும் முதல் வேலை அதைப் படிப்பது. படித்துவிட்டுச் சும்மா இருந்தால் பரவாயில்லை, அவர்களுக்குப் போன் போடுவார். "நேத்து ஒண்ணு தேடுனீங்களே, கெடைக்கலையே, வேற எங்கயாச்சும் கெடச்சுச்சா?" பாதிப் பேர் லோன் கொடுக்கிற கம்பெனி என்று நினைத்துத் துண்டித்துவிடுவார்கள். ஒருவர் பக்கத்து வீட்டு நாய் குரைக்காமல் இருக்க மருந்து தேடியிருந்தார். அவரிடம் இருபது நிமிடம் பேசினார். மருந்து இல்லை என்பதைச் சொல்ல ஒரு நிமிடம், நாயைப் பற்றிக் கேட்டது பத்தொன்பது நிமிடம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செயலியில் செய்ய வேண்டிய வேலை மலையாகக் கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கீழே இருந்து வியாபாரி படியேறி வந்தார். கையில் போன், முகம் கடுகடு. காய்ச்சல் மாத்திரை என்று போட்டிருக்கிறார். மீமிசலில் ஒரு கடை நிறைய சரக்கு வைத்திருந்ததால் அது மேலே வந்து நின்றுவிட்டது. கடலோரத்துக் கடை. "புதுக்கோட்டையில உக்காந்துக்கிட்டு ஒரு மாத்திரைக்கு மீமிசல் போகணுமா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு அவமானமாகிவிட்டது. அவர் கீழே இறங்குவதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்று இருந்தது.

இவரோ நோட்டை எடுத்தார். தேடுகிறவரின் தாலுகாவை "இருந்தா நல்லது" கட்டத்தில் போடலாம், கிட்டே உள்ள கடைக்கு மதிப்பெண் கூடும், தூரத்தில் உள்ளதும் அடியில் இருக்கும், எவ்வளவு கூட்டுவது என்று போட்டுப் பார்க்க இரண்டு நாள் வேண்டும் என்றார். இரண்டு நாளா என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு நானே உட்கார்ந்து தாலுகாவைக் "கட்டாயம்" பக்கம் போட்டேன். ஐந்து நிமிட வேலை. இனி புதுக்கோட்டைக்காரருக்குப் புதுக்கோட்டை தாலுகாக் கடை மட்டும்தான் வரும். தேடலும் முன்பைவிட வேகமாக ஓடியது.

அவர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "எல்லையில இருக்குறவுக என்ன சார் செய்வாக? மீமிசலுக்குக் கோட்டைப்பட்டினம்தான் கிட்ட. ஆனா மீமிசல் ஆவுடையார்கோவில் தாலுகா, கோட்டைப்பட்டினம் மணமேல்குடி தாலுகா. இவுக தேடுனா அது வராதே."

பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வியாபாரிக்குத் திருப்தி. சாயங்காலம் கீழேயிருந்து அரைக் கிலோ மிக்சர் வந்தது. இவர் எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை நான் போனபோது அவர் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பிளாஸ்க் திறக்கப்படவில்லை. பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியைத் தள்ளிப்போட்டு எனக்கு இடம் விட்டார். ஒரே நம்பர். மீமிசல். சனிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை பதினோரு தடவை தேடியிருக்கிறது. முதலில் ஒரு வலிப்பு மருந்தின் பெயர். அதே பெயர் இன்னும் மூன்று தரம். அப்புறம் "பிட்ஸ் சிரப்". "குழந்தைக்கு வலிப்பு மருந்து". "வலிப்பு மருந்து மீமிசல்". "வலிப்பு மருந்து ஆவுடையார்கோவில்". "அவசரம் வலிப்பு மருந்து". கடைசி இரண்டும் தேடுகிற மாதிரியே இல்லை. "வேற மருந்து குடுக்கலாமா" என்று ஒன்று. "யாராவது சொல்லுங்க" என்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நேரே பூஜ்யம், பூஜ்யம் என்று எங்கள் பதில்.

அவர் தாலுகாவை எடுத்துவிட்டு அந்த முதல் கேள்வியைத் திரும்ப ஓட்டிக் காட்டினார். ஒரு கடை வந்தது. கோட்டைப்பட்டினம், இரண்டு பாட்டில்.

"இருக்கு சார்," என்றார். "நாமதான் இல்லைன்னு சொல்லிருக்கோம்."

நாம் என்றாரே ஒழிய நீங்கள் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த நம்பருக்குப் போட்டார். எடுக்கவில்லை. நான்காவது முறை ஒரு ஆண் குரல் எடுத்தது. தேடியது தன் மனைவி என்றார். மீன் வண்டி ஓட்டுகிறவர். நாலு வயசுப் பெண் குழந்தை, திருச்சியில் வைத்தியம் நடக்கிறது, சனிக்கிழமை மருந்து பாட்டில் கை தவறி விழுந்து உடைந்துவிட்டது. ஞாயிறு மதியம் வலிப்பு வந்து ஆம்புலன்ஸில் அறந்தாங்கிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஊசி போட்டு நின்றது. இப்போது வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளை நல்லாயிருக்கிறது, ஆனால் சாயங்கால வேளைக்கு அந்த சிரப் வேண்டும். இவர் மருத்துவர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். கோட்டைப்பட்டினம் கடைக்குப் போன் செய்து இரண்டு பாட்டிலையும் எடுத்துவைக்கச் சொன்னார். பிறகு தாலுகாவைக் "கட்டாயம்" கட்டத்திலிருந்து எடுத்து, சர்வரில் மாற்றி, இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டு எழுந்தார். "போவோமா சார்?" என்றார்.

என் பழைய காரில் போனோம். அறந்தாங்கி தாண்டினோம். பிறகு நான்தான் ஆரம்பித்தேன். ரொம்ப விளக்கமெல்லாம் வேண்டாம், மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை விசாரித்துவிட்டு வந்துவிடுவோம் என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கோட்டைப்பட்டினத்தில் மருந்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து மீமிசல் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கால் மணி நேரம் எனக்கு நரகமாக இருந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது, கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. தேடிய அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பாட்டிலை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்களை உட்காரச் சொல்லி, மன்னிப்புக் கேட்டது. எங்களிடம் மன்னிப்பு.

"நான் எட்டாவதுதாங்க படிச்சேன். எப்படிப் போடணும்னு தெரியாம என்னென்னமோ போட்டுட்டேன். சரியாப் போட்டுருந்தா அன்னைக்கே கெடச்சிருக்கும், இல்லைங்களா?"

நான் சுவரைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் ஆமாம் என்றுகூடச் சொல்லிவிட்டிருப்பேன்.

இவர் சொன்னார். "இல்லைங்க. நீங்க சரியாத்தான் கேட்டீங்க. பதினோரு தடவையும் சரியாத்தான் கேட்டீங்க. மருந்து கோட்டைப்பட்டினத்துல இருந்துச்சு. ஒங்களுக்குக் காட்டாத மாதிரி நாங்க செஞ்சு வச்சிருந்தோம். தப்பு எங்களோடது."

அந்தப் பெண்ணுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கணவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எந்தக் கடை என்று கேட்டார். இவர் சொன்னார். "சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடைக்கு எதுத்தாப்லதான் ஐஸ் ஏத்திக்கிட்டு நின்னேன்," என்றார் கணவர். "முக்கால் மணி நேரம் நின்னேன்."

நான்தான் அதைச் செய்தேன் என்று சொன்னேன். இந்த அம்மா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை என்றும் சொன்னேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அந்த மனிதர் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. இப்போது சரி பண்ணியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். காலையிலேயே பண்ணிவிட்டோம் என்றார் இவர். அந்தப் பெண் பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மேல் வர வேண்டிய கோபம், அவர் மேல் போய் விழுந்தது. எதற்காகச் சொன்னீர்கள், மருந்து கிடைத்துவிட்டது, பிள்ளை பிழைத்துவிட்டது, அவர்களுக்குத் தெரியாமலே போயிருக்கும், இப்போது ஆயுசுக்கும் அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று கத்தினேன். ஆவுடையார்கோவில் வரைக்கும் கத்தினேன் என்று நினைக்கிறேன். அவர் ஜன்னலை ஏற்றினார், சத்தம் வெளியே போகக்கூடாது என்பதற்காக. நான் ஓய்ந்த பிறகு சொன்னார்.

"கேட்டதே தப்புன்னு நெனச்சுக்கிட்டாங்கன்னா, அடுத்த தடவ கேக்கவே மாட்டாங்க சார்."

அதற்குப் பிறகு தினமும் காலையில் பட்டியலைப் படிப்பதோடு, கிடைத்தவர்களின் பதிவிலும் அந்த நம்பரைத் தேடிப் பார்ப்பார். வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், வரவில்லை. போன் போட்டு விசாரிக்கலாமே என்றேன். பிள்ளையைப் பற்றி விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நல்லாயிருக்கிறது, திருச்சிக்குப் போய் வருகிறார்கள், ஆனால் செயலியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, நாம் சொல்லி அவர்கள் தேடினால் அது கணக்கில்லை என்றார். அடுத்த வருடம் இவருடைய கணவருக்கு ஓசூர் பக்கம் மாற்றல் வந்தது. போகிற நாளில் மூன்று கட்ட நோட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன், கொடுக்கவில்லை. அந்த நம்பரைப் பார்க்கும் வேலையை மட்டும் என்னிடம் விட்டுப் போனார். பூஜ்யம் வந்தவர்களுக்கும் நான்தான் போன் போடுகிறேன். பாதிப் பேர் என்னையும் லோன்காரன் என்றுதான் நினைக்கிறார்கள்.

போன ஆவணியில் ஒரு காலை அந்த நம்பர் வந்திருந்தது. மீமிசல். முந்தின நாள் சாயங்காலம் ஒரே ஒரு தடவை. நாற்காலியில் உட்காராமலே அவருக்குப் போன் போட்டேன். எடுத்ததும், அந்த நம்பர் வந்துவிட்டது, நேற்று தேடியிருக்கிறார்கள் என்று கத்தினேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு என்ன கேட்டிருக்கிறார்கள் என்றார். பிள்ளைக்குக் காதுவலி சொட்டு மருந்து என்றேன்.

"கெடச்சுச்சா சார்?"

அதை நான் பார்க்கவில்லை. நம்பரைப் பார்த்த சந்தோஷத்தில் எந்தப் பட்டியலில் அது இருக்கிறது என்றே கவனிக்கவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்றேன்.

"வேணாம் சார். பாருங்க," என்றார். "நான் லைன்லயே இருக்கேன்."